உதயா விழுந்த இடம்

திருவொற்றியூர்
8.2.2024

அன்புள்ள மருமகள் பிரியாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். காலையில் எழுந்ததும் முழங்கால் கொஞ்சம் அடம் பிடிக்கிறது. மற்றபடி உடம்புக்குக் குறையில்லை. உனக்கு அந்தத் தலைவலி விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் அம்மா, அண்ணன் தண்டபாணி, அண்ணி எல்லாரையும் நான் கேட்டதாகச் சொல்.

போன் பண்ணாமல் கடிதம் போடுகிறாளே என்று நினைக்காதே. எனக்குக் காது மந்தம், நீ ஒன்று சொன்னால் நான் வேறொன்று கேட்கிறேன். அவன் பேரை எடுத்ததும் இரண்டு பேரும் அழுது, சொல்ல வந்த விஷயம் நின்றுபோகிறது. இது சொல்லியே ஆகவேண்டிய விஷயம்.

நம் உதயாவின் நினைவுக் கல்லில் மாநகராட்சிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். விபத்தில் செத்தவர்களுக்காக எண்ணூர் சாலை நடைபாதையில் கேட்காமல் வைத்த கல், பீடம், சிலுவை, பேனர் எல்லாவற்றையும் எடுக்கப் போகிறார்களாம். மறுப்பு இருந்தால் மாதக் கடைசியில் மண்டல அலுவலகத்துக்கு வந்து சொல்லலாமாம். நோட்டீஸைப் படித்துக் காட்டியவன் பெனிட்டோ. அவனும் துறைமுகத்துப் பிள்ளைகளும்தானே போன வருஷம் அந்தக் கல்லைக் கட்டினார்கள். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிட்டான்.

காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு வரும்போது தினமும் நான் அங்கே ஷேர் ஆட்டோவை நிறுத்தி இறங்குகிறேன். கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற புழுதி அவன் முகத்தில் அப்பிக் கிடக்கும். முந்தானையால் துடைப்பேன். டைல்ஸ் ஓட்டில் பதித்த அந்த முகம் உங்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து எடுத்தது, ஓரத்தில் உன் மாலையும் கொஞ்சம் தெரியும். துடைக்கும்போது அதையும் சேர்த்துத்தான் துடைக்கிறேன்.

விசாரணைக்கு நீயும் வா. பெற்றவளும் கட்டியவளும் சேர்ந்து நின்றால் கேட்பார்கள்.

உன் அத்தை,
புஷ்பவல்லி


தேவனாம்பட்டினம், கடலூர்
19.2.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. முழங்காலுக்கு எண்ணெய் தடவச் சொன்னேனே, தடவுகிறீர்களா? கூடையைத் தலையில் ஏற்றாதீர்கள், இடுப்பில் வையுங்கள். என் தலைவலி பரவாயில்லை.

அண்ணிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பெண் குழந்தை. வீட்டு வேலை எல்லாம் என் கையில். அதனால் இந்தத் தடவை வர முடியாது என்று நினைக்கிறேன். நீங்கள் பெனிட்டோ அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கோபப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதி எழுதி அடித்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மோகனப்ரியா


திருவொற்றியூர்
2.3.2024

அன்புள்ள பிரியாவுக்கு,

பிள்ளை பெற்ற உன் அண்ணியும் குழந்தையும் சுகமா? குழந்தைக்கு என் முத்தம். எனக்கு ஒரு நாள் காய்ச்சல் அடித்தது, விட்டுவிட்டது.

விசாரணைக்குப் போனோம். எங்களைப் போல இன்னும் சில பேர் வந்திருந்தார்கள். தம்பிக்குச் சிலுவை நட்டிருந்த சிலுவைமுத்து எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விசாரித்தது ஒரு பெண் என்ஜினியர், பெயர் செங்கொடி, வியாசர்பாடிக்காரியாம். உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள்.

சிலுவைமுத்து எழுந்ததுமே சத்தம் போட்டார். "இன்னா மேடம், லாரிங்கோ ரோட்ட அடச்சிகினு நாள்பூரா நிக்குது. அத்த எடுக்க ஆளில்ல. செத்தவன் சிலுவதான் உங்க கண்ண உறுத்துதா?"

"லாரிக்கும் எழுதிகினுதாண்ணே கீறேன்" என்றாள் அந்தப் பெண். "லாரி நிக்கிறதாலதான் ஜனங்க நடக்க அந்த ஒரு பிளாட்பாரம் மிச்சம் கீது. அதுலயும் கல்லு இருந்தா எங்க போவாங்க? ரோட்லதான் எறங்குவாங்க."

என் முறை வந்தது. நான் பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "என் புள்ள அங்கதாம்மா விழுந்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "கல்லு நிக்க முடியாதும்மா. ஆனா பக்கத்து மதில்ல கை அகலத்துக்கு ஒரு பலகை வெக்கலாம். பேரு, தேதி, அவ்ளோதான். புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"அப்போ அவரு சம்சாரம் நேர்ல வந்து கேக்கணும்மா."

"பெத்தவ கேக்குறேன், போதாதா?"

"போன தபா ஒரு கேஸ்ல அம்மா வேணும்னாங்க, சம்சாரம் வேணாம்னாங்க. பெரிய பேஜாரா பூடுச்சு. அவங்கள ஒரு வாட்டி கூட்டியாங்க. ஜூன் வரைக்கும் கல்லுல கை வெக்க மாட்டோம்."

பெனிட்டோவுக்குப் பலகை பிடிக்கவில்லை. எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது, பிரியா. உதயகுமார் என்று அந்தச் சுவரில் பேர் இருந்தால் போதும். ஒரு நாள் வந்து போ. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அத்தை


தேவனாம்பட்டினம்
30.3.2024

அன்புள்ள அத்தைக்கு,

காய்ச்சல் திரும்ப வரவில்லையே? பதில் போட இவ்வளவு நாளானதற்கு என்மேல் வருத்தப்படாதீர்கள். குழந்தை என்னிடம்தான் தூங்குகிறாள். பக்கத்துத் தெருவில் தையல் கற்றுக்கொள்ளப் போகிறேன். ஜாக்கெட் வெட்ட வந்துவிட்டது, கை மட்டும் இன்னும் கோணலாக வருகிறது.

அத்தை, என்னால் வர முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள். அந்த ரோட்டை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது என்று எழுதினால் அது உண்மைதான், ஆனால் முழுசும் அதுவல்ல. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

போன வாரம் அண்ணன் எனக்குப் பச்சையில் ஒரு பட்டுச் சேலை எடுத்து வந்தார். எதற்கு என்று கேட்டேன், சும்மாதான் என்றார். உடுத்தவில்லை, மடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள்
மோகனப்ரியா


திருவொற்றியூர்
11.4.2024

பிரியாவுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். இன்னும் நாலு நாளில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். எனக்கும் வேலை குறைந்துவிடும், உட்கார்ந்து நினைக்க நேரம் கூடிவிடும்.

சேலை வந்தால் உடுத்த வேண்டியதுதானே. உன்னை வெள்ளையில் உட்காரச் சொன்னது யார்? நான் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊரான் வீட்டுப் பிள்ளை பெனிட்டோ வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு அலைகிறான். தாலி கட்டிக்கொண்ட நீ ஒரு நாள் வந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாய். உன் வார்த்தை இல்லாமல் அவன் பேர் அந்தச் சுவரில் ஏறாதாம். ஒரு வருஷம்கூட முடியவில்லை, அதற்குள் அவன் உனக்கு யாரோ ஆகிவிட்டானா?

கோபத்தில் எழுதுகிறேன். ஆனால் கிழித்துப் போட மாட்டேன், அனுப்பத்தான் போகிறேன்.

புஷ்பவல்லி


தேவனாம்பட்டினம்
26.4.2024

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

பிரியாவின் அண்ணன் தண்டபாணி வணக்கத்தோடு எழுதுவது. நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் இதற்கு முன் உங்களுக்கு எழுதியதில்லை. தப்பாக ஏதாவது எழுதினால் உங்கள் பிள்ளை எழுதியதாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்ததிலிருந்து பிரியா சரியாகச் சாப்பிடுவதில்லை. அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். பேசினால் பதில் சொல்வாள், நாங்கள் பேசாவிட்டால் அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை இராது.

அவள் உங்களிடம் சொல்லாததை நான் சொல்கிறேன். பரங்கிப்பேட்டையில் ஒரு வரன் வந்திருக்கிறது. பெயர் அறிவழகன். ஐஸ் பேக்டரியில் மெக்கானிக். அவருக்கும் முதல் மனைவி தவறிவிட்டார். இரண்டு தடவை வந்து பார்த்தார்கள். பிரியா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் வற்புறுத்திக் கேட்டபோது, "அத்தை அங்க தெனம் அந்தக் கல்லு முன்னாடி நிக்கிறாங்கண்ணே. அவங்க நிக்கும்போது நான் எப்படி இங்க மாலை போட்டுக்கிட்டு உட்காருவேன்?" என்றாள்.

அவளுக்கு இருபத்தாறு வயதுதான் ஆகிறது. அந்தக் கல் அங்கே நிற்கிறவரை அவள் நகர மாட்டாள் என்று எனக்குப் படுகிறது. அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உதயா மாப்பிள்ளை என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். இனிமேல் அதைப் பற்றி அவளுக்கு எழுதாமல் இருந்தால் போதும். இதைக் கேட்பதற்கு என்னை மன்னியுங்கள்.

தண்டபாணி


திருவொற்றியூர்
6.5.2024

தம்பி தண்டபாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதில் தப்பு ஒன்றுமில்லை. கூடப் பிறந்தவன் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

அந்தப் பிள்ளையைப் பற்றி வேலை செய்கிற இடத்தில் நேரில் போய் விசாரி. குடிக்கிறானா, வண்டியை எப்படி ஓட்டுகிறான், கோபம் வந்தால் என்ன செய்கிறான் என்று கேள். எல்லாம் சரியாக இருந்தால் தள்ளிப் போடாதே.

நீ எனக்கு எழுதியதை அவளிடம் சொல்லாதே. நான் இப்படி எழுதியதையும் சொல்லாதே. அத்தை சரி சொன்னதால் கட்டிக்கொண்டேன் என்று அவள் பின்னால் நினைக்கக் கூடாது. அவளுக்காகவே அவள் கட்டிக்கொள்ளட்டும்.

குழந்தைக்கு மாலையில் காற்று படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புஷ்பவல்லி


திருவொற்றியூர்
22.6.2024

அன்புள்ள பிரியாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். போன கடிதத்தில் மனசு கொதித்து என்னென்னவோ எழுதிவிட்டேன். அதைத் தூக்கிப் போட்டுவிடு. நான் நன்றாக இருக்கிறேன். தடை முடிந்து படகுகள் போய்விட்டன, மீன் வரத் தொடங்கிவிட்டது. நீ சாப்பிட வேண்டும், தெம்பாக இருக்க வேண்டும்.

கல்லை எடுத்துவிட்டோம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு நான் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் பையை மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் வந்தாள். கல்லும் நானும் என் கூடையும் நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளை ரோட்டில் இறங்கினாள். அதே நேரம் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டே அவளை உரசுகிற மாதிரிப் போயிற்று. பாவாடை காற்றில் அப்படியே பறந்தது. அவள் பாட்டுக்குத் திரும்ப மேலேறிப் போய்விட்டாள், அவளுக்கு இது தினமும் பழகியது. நான் கூடையை அங்கேயே விட்டுவிட்டு நேராக அந்த என்ஜினியர் பெண்ணிடம் போய், "எடுத்துக்கம்மா" என்று சொன்னேன். பலகையைப் பற்றி அவளே கேட்டாள். பலகையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகையால் இனி நீ எதற்கும் வரவேண்டியதில்லை.

ஆட்கள் வந்த அன்று பெனிட்டோவும் மூன்று பையன்களும் கல்லுக்கு முன்னால் படுத்துவிட்டார்கள்.

"யம்மா, நீ வூட்டுக்குப் போ. எவன் என் தோஸ்து மேல கடப்பாறைய வெக்கிறான்னு பாத்துர்லாம்" என்றான்.

"எழுந்திரு பெனிட்டோ. நான்தான் வரச் சொன்னேன்."

"நீயா? இன்னாம்மா சொல்ற?"

"நான்தாண்டா. எழுந்திரு."

அவன் மெதுவாக எழுந்தான். சட்டையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை. "உனுக்கு எப்டிம்மா மனசு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் என்னிடம் பேசுவதில்லை. காசிமேட்டில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

செங்கொடி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை வெயிலில் நின்றாள். அவன் முகம் பதித்த டைல்ஸ் ஓட்டை மட்டும் பத்திரமாகப் பெயர்த்து என்னிடம் கொடுக்கச் சொன்னாள். முழுசாக வரவில்லை. ஓரம் உடைந்துவிட்டது, உன் மாலை தெரிந்த ஓரம். அவன் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

உன் தையல் எப்படிப் போகிறது? கை நேராக வந்துவிட்டதா?

உன் அத்தை,
புஷ்பவல்லி


தேவனாம்பட்டினம்
9.7.2024

அத்தைக்கு,

பெனிட்டோ அண்ணன் கேட்டதையே நானும் கேட்கிறேன். உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

நான் வரவில்லைதான். வரவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்று அர்த்தமா? நீங்கள் தினமும் அங்கே போகிறீர்கள், ஒருத்தராவது அவர் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே இருந்தேன். பலகையாவது வைத்திருக்கலாம். எனக்குத் தண்டனை கொடுப்பதற்காகச் செய்தீர்களா?

மோகனப்ரியா


திருவொற்றியூர்
14.8.2024

அன்புள்ள பிரியாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட நினைத்தேன், முடியவில்லை. எல்லாரும் சுகம்தானே?

தண்டனை எல்லாம் ஒன்றுமில்லை, தாயே. எனக்கு வயதாகிவிட்டது. தினமும் அந்த இடத்தில் ஆட்டோவை நிறுத்தி இறங்கி ஏற இந்த முழங்கால் விடமாட்டேன் என்கிறது. நான் போகாத நாளில் புழுதியோடு கிடப்பான். அதைவிட வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். இப்போது ஆட்டோவில் உட்கார்ந்தபடியே வீட்டுக்கு வந்துவிடுகிறேன், சௌகரியமாக இருக்கிறது.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். வைத்துக்கொள், எனக்கு வருத்தமில்லை. உன் அண்ணன் உனக்கு நல்லது செய்வான், அவன் சொல்வதைக் கேள்.

அத்தை


பரங்கிப்பேட்டை
3.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

இனி உங்களை இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்றும் தெரியவில்லை. மழைக்காலம், முழங்கால் வலி கூடியிருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஊர் பேரைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெயர் அறிவழகன். கோயிலில் வைத்து, சொந்தக்காரர்கள் மட்டும். உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். ஜூலையில் அப்படியொரு கடிதம் எழுதிவிட்டு, அடுத்ததாக இதை எப்படி எழுதுவது? தள்ளிக்கொண்டே போய்விட்டேன். மூன்றாவது ஆள் சொல்லி உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதற்குத்தான் நான் அதிகமாக வருத்தப்படுவேன்.

அவர் நல்லவர். உதயாவைப் பற்றி நான் பேசினால் எழுந்து போகமாட்டார், உட்கார்ந்து கேட்பார்.

போன மாதம் மெஷின் பாகம் வாங்க அவர் மெட்ராஸுக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். எதற்கென்று கேட்காமல் வேலை முடிந்ததும் எண்ணூர் சாலைக்குக் கூட்டி வந்தார். அத்தை, அந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. புதிதாகக் கல் பாவியிருக்கிறார்கள், ஒரே மாதிரி நீளமாகப் போகிறது. மதிலுக்கும் புது வெள்ளை அடித்திருக்கிறார்கள். எதிரில் வந்த ஒருவரிடம், "இங்க உதயகுமார்னு ஒரு கல்லு இருந்துச்சே?" என்று கேட்டேன். "இன்னா கல்லும்மா?" என்றார். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இங்கேதான் இருக்கும் என்று நானாக ஓர் இடத்தில் நின்றேன். உதயாவுக்குச் சொல்ல வேண்டியதை அங்கேயே சொன்னேன். சரியான இடத்தில்தான் சொன்னேனா, வேறு எங்கேயோ நின்று யாரிடமோ சொல்லிவிட்டு வந்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

உங்கள் வீடு பத்து நிமிஷ தூரம். கழுத்தில் இந்தத் தாலியோடு உங்கள் வாசலில் வந்து நிற்க தைரியம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். இதற்கும் சேர்த்து என்னைத் திட்டி ஒரு கடிதம் போடுங்கள்.

மோகனப்ரியா


திருவொற்றியூர்
10.12.2024

என் அன்புள்ள பிரியாவுக்கு,

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் அத்தையின் ஆசீர்வாதம். அத்தை என்றே எழுது, வேறு எதுவும் எனக்குப் பிடிக்காது. ஒத்தடம் கொடுக்கிறேன், வலி குறைந்திருக்கிறது.

மூன்றாவது ஆள் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே பார்த்தேன்.

இப்போதெல்லாம் அந்த ரோட்டில் எதிர்ப்பக்கம், ரசூல் பீவியின் டீக்கடை ஓரத்தில் உட்கார்ந்துதான் மீன் விற்கிறேன். அன்றைக்கு நடுவில் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இரண்டு லாரிக்கு நடுவில் உன்னைப் பார்த்தேன். பச்சைச் சேலை. முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. கூப்பிட வாயெடுத்தேன், எழுந்தும் நின்றுவிட்டேன். "யாரும்மா அது?" என்று ரசூல் பீவி கேட்டாள். "என் மருமக" என்றேன். "போயி கூட்டியாயேன், இன்னாத்துக்கு நின்னுகினு கீற?" என்றாள்.

நான் வரவில்லை. நீ பேசிக்கொண்டிருந்தாய், பிரியா. உன் உதடு அசைவது அங்கிருந்தே தெரிந்தது. நடுவில் புகுந்து நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பிள்ளை உன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றான். வெயிலில்தான் நின்றான். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, உன்னை அவசரப்படுத்தவில்லை. அதைப் பார்த்த பிறகு நான் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஒரு லாரி முன்னால் நகர்ந்து மறைத்துக்கொண்டது. அது போனபோது நீங்கள் இல்லை.

பொங்கல் கழித்து இரண்டு பேரும் வீட்டுக்கு வாருங்கள். அவனுக்கு என்ன மீன் பிடிக்கும் என்று எழுது.

அப்புறம் நீ நின்ற இடம். கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எனக்குத் தெரியும். ஒரு சாண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. சரியாக அங்கேதான் நின்றாய்.

உன் அத்தை,
புஷ்பவல்லி